மீதிப் பாதி மீசை

அத்தியாயம் 14

தேர்தல் முடிவு வந்து மூன்று வாரமாகிறது. வென்றவர்கள் இன்னும் பட்டாசுக் குப்பையைக் கூட்டவில்லை. தோற்றவர்கள் இன்னும் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை.

அந்தத் துண்டு பண்ணைப்புரம் ஒச்சாண்டியுடையது. குடைக் கட்சியின் கிளைச் செயலாளர். மீசையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வருகிற மனிதர். இப்போது பல்வலி என்று சொல்லி, மூக்குக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் போய்வருகிறார். துண்டுக்குள்ளே பல் நன்றாகத்தான் இருந்தது. மீசையும் முழுசாக இருந்தது. சிக்கலே அதுதான்.

முக்குரோட்டு மொக்கைச்சாமி டீக்கடையில் கடை நிறைய ஆள் இருக்கும்போது கட்டிய பந்தயம். குடை தோற்றால் ஒச்சாண்டியின் பாதி மீசை, முறம் தோற்றால் பங்கிராஸின் பாதி மீசை. முறம் ஜெயித்துவிட்டது.

பங்கிராஸ், கிறிஸ்தவர்களே நிறைந்த ராயப்பன்பட்டியைச் சேர்ந்தவர், முறம் கட்சியின் பூத் ஏஜென்ட். ஒச்சாண்டியோடு ஒரே பெஞ்சில் படித்து, ஒரே வகுப்பில் தோற்று, பிறகு கூட்டாகத் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர். முப்பது வருடமாக இருவருக்கும் வேறு வேறு கட்சி. முப்பது வருடமாக ஒரே டீக்கடை. தோற்ற கட்சிக்காரன் வடை வாங்கித் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தத் தடவை ஏனோ வடை போதவில்லை. வாட்ஸ்அப்பில் எல்லாரும் நாட்டுக்காக ரத்தம் சிந்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வடை என்று சொல்ல இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

பாதி மீசைகூடப் பெரிய விஷயமில்லை, ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். வளராத ஒன்றை அன்று ஒச்சாண்டி பேசிவிட்டார்.

முடிவு வந்த மதியம் டீக்கடை முன்னால் முறம் கட்சிப் பையன்கள் சரவெடி போட்டார்கள். பங்கிராஸ் சிரித்தார். பத்து வருடம் தோற்றுக்கொண்டே இருந்தவரின் சிரிப்பு, கொஞ்சம் நீளமாகத்தான் போனது. ஒச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கென்னய்யா," என்றார். "கோயில் மணி அடிச்சா மொத்த ஊரும் ஒரே பக்கம் குத்தும். அதெல்லாம் ஒரு ஓட்டா?"

பங்கிராஸின் சிரிப்பு நின்றது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

இன்று பங்கிராஸின் மகள் ரோஸ்லினுக்கு நிச்சயதார்த்தம். மாலை நான்கு மணிக்கு ராயப்பன்பட்டிக் கோயில் மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு கூடலூர்.

ரோஸ்லினின் தாய்மாமன் ஒச்சாண்டி.

ரத்த உறவெல்லாம் இல்லை. பங்கிராஸின் மனைவி லூர்து மேரிக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. ரோஸ்லினுக்குக் காது குத்தும்போது உட்கார வைக்க மடி இல்லாமல் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "என்னய்யா இது, என் மடி என்ன முள்ளா?" என்று ஒச்சாண்டி போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து லூர்து மேரிக்கு அவர் அண்ணன். கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் எடுத்தார். சடங்குக்குச் சீர் கொண்டுவந்தார். சிலுவைக்கும் சுடலைக்கும் நடுவில் ஊரே ஏற்றுக்கொண்ட மாமன்.

தாய்மாமனை அழைக்க ஒரு முறை இருக்கிறது. வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். வெற்றிலை வராத வீட்டிலிருந்து சீர் கிளம்பாது.

இந்தத் தடவை ஒச்சாண்டிக்கு வந்தது வாட்ஸ்அப். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ரோஸ்லினின் அண்ணன் எட்வின், கைபேசியில் இருந்த அத்தனை எண்ணுக்கும் அனுப்பிய அழைப்பிதழ். இரண்டு ரோஜாப் பூக்கள் தானாக ஆடின. கேஸ் ஏஜென்சிக்கும் அதுதான் போயிருந்தது.

"சீர்த்தட்டெல்லாம் தொடச்சு வச்சிட்டேன்," என்றாள் பாண்டீஸ்வரி. ஒச்சாண்டியின் மனைவி. "எப்பக் கெளம்புறீக?"

"யாரு கூப்பிட்டா?"

"அதான் போன்ல வந்துச்சில்ல."

"போன்ல லோன் தாரேன்னுகூடத்தான் தெனமும் ஒருத்தி கூப்பிடுறா. போயிரவா?"

"போங்க. அவளாவது உங்களை வச்சுக்கிறட்டும்."

ஒச்சாண்டி துண்டைச் சரிசெய்துகொண்டார். "வெத்தலை வைக்காம நான் போக மாட்டேன் பாண்டி."

"நீங்க பேசுன பேச்சுக்கு வெத்தலை வைப்பாகளாக்கும். நானா இருந்தா பாக்குவெட்டியை வச்சிருப்பேன்."

சேலைத் தட்டின் மேல் மல்லிகைச் சரத்தை வைத்து, வாடாமல் ஈரத் துணியால் மூடினாள். போகப்போவதில்லை என்று சொன்ன வீட்டில் காலையிலிருந்து அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. இந்தத் தேர்தலால் மட்டும் வந்த அலுப்பில்லை அது.

*

அதே காலையில் பங்கிராஸ் மண்டபத்துக்கு நாற்காலி வந்துவிட்டதா என்று பார்க்கக் கிளம்பினார். முக்குரோட்டில் வண்டியை நிறுத்தினார்.

புளியமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ஒரு பிளெக்ஸ். அதில் முறம் கட்சியின் ஒன்றியச் செயலாளர் பால்பாண்டி ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். 'பள்ளத்தாக்கின் விடிவெள்ளி' என்று தலைக்கு மேலே எழுத்து. அவருக்குப் பின்னால் தலைவர்கள் மேகத்திலிருந்து பார்த்தார்கள். ஓரமாகத் தபால்தலை அளவில் ரோஸ்லினும் மாப்பிள்ளையும். நிச்சயதார்த்தம் நடப்பது பால்பாண்டிக்கோ என்று வெளியூர்க்காரர் நினைக்க நியாயம் இருந்தது.

கீழ் மூலையில் ஒச்சாண்டி. 'தாய்மாமன்' என்று போட்டு, படத்தில் இடது பக்க மீசையை வழித்துவிட்டிருந்தார்கள். அடியில், 'பந்தயம்னா பந்தயம்தான்.'

இரண்டு பேர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை வாசலில் பால்பாண்டி நின்றிருந்தார், மடிப்புக் கலையாமல்.

"எப்படிண்ணே? நம்ம பசங்க செஞ்சது."

"கீழ மூலையில என்னப்பா அது?"

"சும்மா ஒரு தமாசு. அரசியல்ல நகைச்சுவை உணர்வு இருக்கணும்ல."

"கழட்டிரு."

"அண்ணே." பால்பாண்டி குரலைத் தாழ்த்தினார். மேடையில் இல்லாதபோது அவர் குரலைத் தாழ்த்தினால் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று அர்த்தம். "சாயங்காலம் எம்.எல்.ஏ. இந்த வழியாப் போறாரு. என் படம்... கட்சிப் படம் இருக்கு. கழட்டுனா தப்பாப் பேசுவாக."

"எம் பொண்ணு விசேசம் பால்பாண்டி."

"பொண்ணு படமும் இருக்குதுல்லண்ணே?"

இருந்தது. கிட்டத்தில் போனால் தெரியும்.

பங்கிராஸ் வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். கட்சிக்காக வேகாத வெயிலில் பூத்தில் உட்கார்ந்தவர். ஒரு கான்ட்ராக்ட் கேட்டதில்லை, ஒரு பதவி கேட்டதில்லை. ஒரு பிளெக்ஸைக் கழற்றச் சொன்னது முதல் கோரிக்கை. அதுவும் பரிசீலனையில் இருக்கிறது.

வீட்டில் லூர்து மேரி கைபேசியைக் காட்டினாள். பிளெக்ஸ் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"எங்கண்ணன் மூஞ்சியில பாதியைக் காணோம்னா உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"நான் எங்க சிரிக்கிறேன்?"

"இப்பச் சிரிக்கலை. அன்னைக்குச் சிரிச்சீகள்ல."

"அவன் பேசுனது உனக்குப் பெருசாத் தெரியலையா லூர்து?"

"தெரியுது. கூடப் பொறந்த அண்ணனா இருந்தா அன்னைக்கே போய்ச் சட்டையைப் பிடிச்சிருப்பேன். எடுத்து வச்ச உறவுங்கறதாலதான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன். இதுல அறுந்துட்டா திரும்ப முடிஞ்சுக்கிற ரத்தமும் இல்ல." அவள் குரல் உயரவே இல்லை. உயர்த்தத் தெம்பில்லை. "நாலு மணிக்குக் கூடலூர்க்காரக வந்து பொண்ணோட மாமன் எங்கனன்னு கேப்பாக. முக்குரோட்டுல தொங்குறாகன்னு சொல்லவா?"

பங்கிராஸ் தரையைப் பார்த்தபடி, தோட்டத்துக் கத்தியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

லூர்து மேரி பயந்துபோய், "எதுக்கு?" என்றாள்.

"கழட்டத்தான்."

*

வீட்டில் இவ்வளவும் நடந்தபோது ரோஸ்லின் அங்கே இல்லை. பியூட்டி பார்லருக்கு என்று ஸ்கூட்டியை எடுத்தவள் நேரே பண்ணைப்புரம் வந்துவிட்டாள். கையில் மருதாணி, தலையில் துணி. மேலே சாரல் தூறிக்கொண்டிருந்தது.

ஒச்சாண்டி மாட்டுக் கொட்டகையில் இருந்தார். கொட்டகைக்குக் கூரை பழைய தேர்தல் பிளெக்ஸ்கள்தான். இரண்டு தேர்தலுக்கு முந்தைய வேட்பாளர் ஒருவர் மாட்டைப் பார்த்துத் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தந்த வாக்குறுதிகளில் எதுவும் நிற்கவில்லை. படம் மட்டும் இன்றுவரை ஒழுகாமல் நிற்கிறது.

"பல்லுவலி எப்படி இருக்கு மாமா?"

"இருக்குத்தா."

"எந்தப் பக்கம்?"

துண்டுக்கு மேலே வலது பக்கத்தைக் காட்டினார்.

"அத்தை போன்ல இடதுன்னாக."

"பரவிருச்சு."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. பருத்திக்கொட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "சாயங்காலம் வந்துருங்க மாமா."

"உங்கப்பன் வந்து வெத்தலை வைக்கட்டும்."

"வைக்க மாட்டாக. நீங்க பேசுனதுக்கு நானா இருந்தாலும் வைக்க மாட்டேன்."

"ஆத்தா, அது கட்சிச் சண்டையில ஏதோ..."

"கட்சியை எங்க சொன்னீக? எங்களையில்ல சொன்னீக."

மாடு அசைபோடுவதை நிறுத்தியது. ஒச்சாண்டி அதன் கழுத்தைத் தடவினார். மாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

"மணி அடிச்சா ஒரே பக்கம் குத்துவோம்னு சொன்னீகள்ல?" ரோஸ்லின் மருதாணி விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் குடைக்குக் குத்துனேன்."

துண்டு தானாக இறங்கியது. மூன்று வாரத்துக்குப் பிறகு மீசை வெளிச்சத்தைப் பார்த்தது.

"என்னாது?"

"குடைக்குத்தான். அப்பா வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து ஓட்டுக் கேட்டு வந்தீகள்ல? வாசல்ல நின்னு, 'ஆத்தா, மாமனுக்காக ஒண்ணு'ன்னீக. உங்க வேட்பாளரை எனக்குப் பிடிக்கவே இல்ல மாமா. இருந்தாலும், இத்தனை வருசத்துல நீங்க எங்கிட்டக் கேட்டதே அது ஒண்ணுதான். சரின்னு குத்திட்டு வந்தேன்."

ஒச்சாண்டியிடம் சொற்கள் இருந்தன. மேடைக்கு மேடை சேர்த்து வைத்த சொற்கள். எதுவும் இந்தக் கொட்டகைக்குப் பொருந்தவில்லை.

"எனக்கு அன்னைக்கு மணிச் சத்தமே கேக்கலை மாமா," என்றாள் ரோஸ்லின். எழுந்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாக. பூத்துல அவுக உக்காந்திருக்க, அவுக கண்ணு முன்னாலதான் போய்க் குத்துனேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். நீங்க வந்தாலும் வராட்டியும் அது உங்களோடயே இருக்கட்டும்."

ஸ்கூட்டி போன சத்தம் அடங்கும்வரை ஒச்சாண்டி அங்கேயே நின்றார்.

கொட்டகைக்கு ஒட்டினாற்போல் அடுப்படி ஜன்னல். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகுநேரமாக நின்றிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

*

வாசலில் டிவிஎஸ் வந்து நின்றபோது ஒச்சாண்டி கண்ணாடி முன்னால் இருந்தார். பின்சீட்டில் லூர்து மேரி, மடியில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். பங்கிராஸின் அக்குளில் சுருட்டிய பிளெக்ஸ். சட்டையெல்லாம் புளியமரத் தூசி.

பாண்டீஸ்வரிதான் எதிரே வந்தாள். "வாங்கண்ணே. வா லூர்து."

பங்கிராஸ் வாசற்படிக்கு வெளியே நின்றபடி, யாரையும் பார்க்காமல், "வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வாசலில் 'ஏலே மச்சான்' என்று கத்திக்கொண்டு அடுப்படிவரை போன மனிதர்.

ஒச்சாண்டி வெளியே வந்தார். இடது பக்கம் மீசை இல்லை. சோப்பு நுரை இன்னும் காதோரம் இருந்தது. வலது பக்கம் மட்டும் பழைய கம்பீரத்தோடு, துணைக்கு ஆளில்லாமல் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத்தான் எல்லாம் இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் பங்கிராஸ்.

"பந்தயம்."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கலை."

"அப்புறம் எதுக்குச் செரைச்ச? கிறுக்குப்பயலே, அதைத்தான நான் மரத்துல ஏறிக் கிழிச்சுக்கிட்டு வர்றேன்." பிளெக்ஸைத் தரையில் போட்டார். "பால்பாண்டி கீழ நின்னுக்கிட்டு, 'அண்ணே, என் மூஞ்சியில கத்தி படாம அறுங்க'ன்னு கத்துறான். ஊரே வேடிக்கை பாக்குது. இந்த வயசுல புளியமரத்துல ஏறினேன்யா உனக்காக."

"எனக்காக ஒண்ணும் ஏறியிருக்க மாட்ட."

"ஆமா. ரோஸ்லினுக்காகத்தான்."

லூர்து மேரி தட்டைக் கை மாற்றிக்கொண்டாள்.

ஒச்சாண்டி நுரையைத் துடைத்தார். "மாப்ளே, அந்த மணி... அதை நான் பேசியிருக்கப்படாது."

"பேசிட்ட."

"தோத்த கடுப்புல வாயில வந்துருச்சு."

"கடுப்புல வந்துச்சுன்னா, உள்ள இருந்துதான வந்துச்சு?" பங்கிராஸ் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "முப்பது வருசமா நான் கட்சி பாத்து ஓட்டுப் போடுறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ மணியை எண்ணிக்கிட்டு இருந்திருக்க."

ஒச்சாண்டியின் வாயில் ஒரு பதில் வந்தது. உன் வீட்டிலேயே அந்த மணி கேட்காத காது ஒன்று இருக்கிறது என்கிற பதில். கடைசி வார்த்தை தனதாக இருக்க வேண்டும் என்று வாழ்ந்தவருக்கு இதைவிட நல்ல கடைசி வார்த்தை இனிமேல் கிடைக்காது. விழுங்கினார்.

"தப்புதான்," என்றார்.

"தப்புதான். நாளைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கும். மறந்துட்டேன்னு பொய் சொல்லிக்கிட்டு உன் கூட டீ குடிக்க முடியாது. ஞாபகத்தோடதான் குடிக்கணும்." பங்கிராஸ் மனைவியின் கையிலிருந்து தட்டை வாங்கி நீட்டினார். "இன்னைக்கு வெத்தலை எடுத்துக்க."

ஒச்சாண்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அந்த பிளெக்ஸை மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்க," என்றார் பங்கிராஸ், வண்டியை உதைத்துக்கொண்டே. "பால்பாண்டி மூஞ்சி அகலம். ஒரு மழைக்குத் தாங்கும்."

*

நான்கு மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு முன்னால் மேளம் கேட்டது. சேலைத் தட்டைத் தலைக்கு நேரே ஏந்திக்கொண்டு பாதி மீசையோடு தாய்மாமன் வந்தார். பின்னால் பாண்டீஸ்வரி, பழத்தட்டு, வளையல் தட்டு. எதிரே நின்ற கூட்டத்தில் கைபேசிகள் உயர்ந்தன. ஒச்சாண்டி துண்டைத் தோளிலேயே வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா ஜெபமணி கூடலூரில் ஜீப் ஓட்டம் நடத்துபவர். குமுளிக்கு மலையேறி இறங்கிப் பழகியதால், ஆறுதல் சொல்லும்போது மட்டும் பேச்சு மலையாளப் பக்கம் சாய்ந்துவிடும். மீசையைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், "சாரமில்லை, சாரமில்லை. பரவாயில்ல, வளந்துரும்," என்று தோளைத் தட்டினார். "எங்க பக்கம் ஒருத்தன் மொட்டையே போட்டான்."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மண்டபத்தில் மைக் இருந்தது. மைக் இருக்கிற இடத்துக்கு அழைப்பு தேவையில்லை என்பது பால்பாண்டியின் கொள்கை. அவரிடம் இருந்த ஒரே கொள்கையும் அதுதான். பிளெக்ஸ் கிழிந்த வருத்தமே தெரியாமல் மேடையேறினார்.

மணமக்களை வாழ்த்தினார். தலைவரை வாழ்த்தினார். தலைவரை வாழ்த்தும் பாக்கியம் பெற்ற தன்னையும் ஓரளவு வாழ்த்திக்கொண்டார். பிறகு மாமனைப் பார்த்தார்.

"நம்ம ஒச்சாண்டியண்ணன் பந்தயத்தை மதிச்சு வந்திருக்காக. பாராட்டுறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். பங்கிராஸ் அண்ணன் வீடு முறத்தோட கோட்டை! அந்த வீட்டுல ஒத்த ஓட்டு, ஒத்த ஓட்டு வெளிய சிந்தியிருக்குமா? எங்கண்ணன் ஒச்சாண்டியே வந்து சொல்லட்டும்!"

கைதட்டல். பால்பாண்டி மைக்கை நீட்டினார்.

ஒச்சாண்டி வாங்கினார். மேடையில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். மாலையின் நாரைப் பிடித்த விரல்கள் அசையவில்லை. முன்வரிசையில் பங்கிராஸ், நிமிர்ந்து, தன் கோட்டையின் பெருமையைக் கேட்டுக்கொண்டு. பத்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த வெற்றி அவருக்கு.

ஒரே ஒரு வரி போதும். பள்ளத்தாக்கின் விடிவெள்ளி இந்த மேடையிலேயே அணையும். குடைக் கட்சிக்கு இந்தத் தேர்தலில் கிடைத்த ஒரே வெற்றியாக அது இருக்கும்.

ஒச்சாண்டி இருமினார்.

"சிந்தலைப்பா," என்றார். "அந்த வீட்டுல எதுவும் சிந்தாது. தோத்தது நான். பாதி மீசையைக் குடுத்துட்டேன். மீதிப் பாதியை எம் மருமக கல்யாணத்துக்கு வச்சிருக்கேன். அதைக் கேட்டு யாரும் மைக் புடிச்சு வராதீக."

மண்டபம் சிரித்தது. இந்தச் சிரிப்பில் யாருக்கும் அடிபடவில்லை. பங்கிராஸும் சிரித்தார், சின்னதாக, அளவாக. ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க ஒச்சாண்டிக்குத் தைரியம் இல்லை.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்ல, தட்டு மாறியது. கோயில் மணி அடித்தது. மாலை ஜெபத்துக்கான மணி. ஒச்சாண்டியும் பங்கிராஸும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

*

திரும்பும்போது மினி வேனில் காலித் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. ஒச்சாண்டிக்கு உடம்பெல்லாம் வலித்தது, ஒரு பெரிய சுமையை இறக்காமலே தூக்கிக்கொண்டு வந்தது போல.

"பால்பாண்டி மைக்கைக் குடுத்தப்ப ஒரு சொல்லு வாய்வரைக்கும் வந்துச்சில்ல?" என்றாள் பாண்டீஸ்வரி.

"எந்தச் சொல்லு?"

"அதான். அடுப்படி சன்னல் தெறந்துதான இருந்துச்சு."

ஒச்சாண்டி மெதுவாகத் திரும்பினார். வேன் முக்குரோட்டைத் தாண்டியது. புளியமரத்தில் அறுந்த கயிறு மட்டும் ஆடியது.

"பாண்டி, இது யாருக்கும்..."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?" அவள் தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நியாயமான ஒரு விதிவிலக்கைச் சொல்வதுபோல, "லூர்துகிட்டத்தான்," என்றாள்.

"சொல்லிட்டியா?"

"அவ பெருமையா இருந்தா. 'எங்க வீட்டு ஓட்டு ஒண்ணும் சிந்தலைன்னு அண்ணனே சொல்லிட்டாக மதினி'ன்னா. பாவமா இருந்துச்சு. அண்ணன் உனக்காக எதை முழுங்குனாகன்னு தெரியுமாடின்னு ஆரம்பிச்சேன். முழுசாச் சொல்லலை."

"என்ன சொன்ன?"

"உங்க வீட்டுல ஒரு ஓட்டு மாறி விழுந்துருக்குன்னேன். யாருதுன்னு சொல்றதுக்குள்ள பந்திக்குக் கூப்பிட்டுட்டாக."

பங்கிராஸ் வீட்டில் ஓட்டு நான்கு. அவர், மனைவி, மகன், மகள். இன்றிரவு அந்த வீட்டில் சோறு போடும்போது யார் யாரைப் பார்ப்பார்கள் என்று ஒச்சாண்டி நினைத்துப் பார்த்தார்.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்தார். திரையில் 'மாப்ளே' என்று பங்கிராஸின் எண்.

மூன்று வாரமாக அந்தப் பெயர் ஒளிரவில்லை. மூன்று வாரமாக அவர் அதற்காகத்தான் அந்தக் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒச்சாண்டி மீதி மீசையைத் தடவியபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.